ஒரு பாயில் படுத்தவர்கள்: சொறி எப்படி ஒட்டுகிறது?

ஒரு ஓகஸ்ட் விடுமுறைக்கு மட்டக்களப்பிலிருந்து மச்சாள் தன் இரண்டு பிள்ளைகளோடு திருகோணமலை உப்புவெளிக்கு வந்து, பத்து நாள் எங்கள் வீட்டில் நின்றாள். பகல் முழுக்கக் கடல். இரவில் ஹோலில் இரண்டு பாயை ஒட்டிப் போட்டு, ஒரே ஃபானுக்குக் கீழே ஐந்து பிள்ளைகளும் ஒருவர் மேல் ஒருவர் காலைப் போட்டுக்கொண்டு நித்திரை. விடுமுறை முடிய அவர்கள் பஸ் ஏறினார்கள். நாங்களும் மறந்துபோனோம்.

செப்டெம்பர் கடைசியில் எங்கள் சின்னவள் இரவில் சொறியத் தொடங்கினாள். பகலில் அவ்வளவாக இல்லை. விளக்கை அணைத்துப் படுத்தால் ஆரம்பிக்கும். அம்மா உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டா: "கணவாய் திண்ட கிரந்தி." அடுத்த நாளே கணவாயும் இறாலும் கத்தரிக்காயும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றாயிற்று. ஒரு கிழமை போனது, குறையவில்லை. பிறகு கடல் உப்பில் பழி விழுந்தது. அதன் பிறகு பக்கத்து வீட்டு நாய்க்குட்டியில். கடைசியில் வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் புதிதாக வந்து இருந்த பிள்ளையில். ஒக்டோபர் நடுவில் எனக்கும் மணிக்கட்டில் கடி, அதாவது அரிப்பு, தொடங்கியபோதுதான் டொக்டரிடம் போனோம்.

அவர் சின்னவளின் கையை விரித்து விரலிடுக்கை வெளிச்சத்தில் பார்த்தார். சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இவ இரவில ஆரோட படுக்கிறவ?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு கேள்வியில் சொறி என்ற இந்த நோயின் முழுக்கதையும் இருக்கிறது.

தொற்று என்ற சொல்லையே பாருங்கள். கிண்ணியா பஸ்ஸில் மிதிபலகையில் தொற்றிக்கொண்டு போகிறோம் என்கிறோமே, அதே தொற்றுதான். ஒரு உடலிலிருந்து இன்னொரு உடலுக்கு ஏதோ ஒன்று பற்றி ஏறவேண்டும். பழைய ஆட்கள் இதை ஒட்டுவாரொட்டி என்பார்கள், ஒட்டியவரிடம் ஒட்டுவது. நல்ல சொல். ஆனால் எல்லா வருத்தத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதால் வரும் குழப்பமும் அதில்தான். எது ஏறுகிறது, எந்த வழியால் ஏறுகிறது, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பது வருத்தத்துக்கு வருத்தம் மாறும்.

சொறியில் ஏறுவது ஒரு சிற்றுண்ணி. நாயின் காதில் தொங்கும் உண்ணி அல்ல. இது அரை மில்லிமீற்றர்கூட வராது. வெள்ளைத் தாளில் பேனா முனையால் வைத்த புள்ளி அளவு, அதுவும் நல்ல கண்ணுக்குத்தான். எட்டுக் கால். செட்டை இல்லை, பாயவும் தெரியாது. நடக்க மட்டும் தெரியும். சூடான தோலில் ஒரு நிமிடத்தில் இரண்டரை சென்ரிமீற்றர் போகும். கருக்கட்டிய பெண் உண்ணி தோலின் மேற்படைக்குள், செத்த தோல் அடுக்கில், ஒரு சுரங்கம் தோண்டி உள்ளே போய்விடுகிறது. அங்கேயே ஒரு மாதம், ஒன்றரை மாதம் இருந்து, நாளைக்கு இரண்டு மூன்று முட்டையாக இட்டுக்கொண்டே முன்னேறும். மூன்று நான்கு நாளில் முட்டை பொரிக்கும். இன்னும் ஒன்றரைக் கிழமையில் அந்தக் குஞ்சுகளும் வளர்ந்துவிடும். டொக்டர் வெளிச்சத்தில் தேடியது அந்தச் சுரங்கத்தைத்தான். சின்னவளின் நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில், பென்சிலால் மெல்லக் கீறியதுபோல வளைந்த சாம்பல் கோடு ஒன்று இருந்தது. அரை அங்குலம்கூட இல்லை. ஒரு முனையில் சின்னக் கொப்புளம். அத்தனை நாளும் நான் அந்தக் கையைப் பிடித்து ரோட்டுக் கடந்திருக்கிறேன், கண்ணில் படவில்லை.

வழமையாக ஒருவர் உடம்பு முழுவதற்கும் பத்துப் பதினைந்து உண்ணிதான் இருக்கும். நூற்றுக்கணக்கில் ஊர்கிறது என்று நினைத்துத்தான் நமக்கு மேல் கூசுகிறது. உண்மையில் கை விரல்களால் எண்ணி முடிக்கலாம். இந்தச் சின்ன எண்ணிக்கையில்தான் அடுத்த விசயம் தங்கியிருக்கிறது.

பத்துப் பதினைந்து உண்ணி, அதில் பெரும்பாலானவை சுரங்கத்துக்குள். அப்படியானால் ஒரு தரம் கைகொடுத்தால் அதில் ஒன்று வெளியே வந்து, நம் கைக்கு நடந்து ஏறுவதற்கு எவ்வளவு வாய்ப்பு? மிகக் குறைவு. தோலோடு தோல் பத்து, இருபது நிமிடமாவது ஒட்டிக் கிடக்க வேண்டும். பெருநாளுக்குக் கிண்ணியாவில் நண்பரைக் கட்டித் தழுவினால் ஒட்டாது என்றே சொல்லலாம். பத்திரகாளி அம்மன் கோவில் திருவிழாக் கூட்டத்தில் இடிபட்டாலும் அப்படித்தான். பஸ்ஸில் நெருக்கினாலும் இடையில் சட்டை இருக்கிறது, யாரும் அசையாமல் நிற்பதும் இல்லை. ஆனால் ஒரே பாயில் விடிய விடியப் படுப்பவர்கள், பால் குடிக்கும் குழந்தையும் தாயும், மடியில் பேரப்பிள்ளையைப் போட்டு நித்திரையாக்கும் அம்மம்மா, கணவன் மனைவி, கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக விளையாடும் சின்னப் பிள்ளைகள், இவர்களுக்கு இடையில் அது சுகமாக நடந்து போகும். நெருக்கம் என்பதை இங்கே மணித்தியாலத்தால் அளக்க வேண்டும்.

நாம் செய்வதோ இதற்குத் தலைகீழ். சொறி என்று தெரிந்தவுடன் பிள்ளைக்குத் தனிக் கோப்பை, தனித் தம்ளர் வைக்கிறோம். சாப்பாட்டுக் கோப்பையால் சொறி பரவாது. இரவானதும் அதே பிள்ளையை, பாவம் என்று, நடுவில் போட்டுப் படுக்கிறோம்.

இதை ஒருவர் வேலை மெனக்கெட்டுச் சோதித்தே பார்த்திருக்கிறார். 1941இல், இரண்டாம் உலகப் போர்க்காலம், இங்கிலாந்தில் பட்டாளத்திலும் ஊருக்குள்ளும் சொறி பெருகிக் கிடந்தது. போர்வை, உள்ளுடுப்பு எல்லாவற்றையும் சூட்டில் போட்டுப் பதப்படுத்துவதிலேயே பணமும் நேரமும் கரைந்தன. கென்னத் மெலன்பி என்ற பூச்சியியல் ஆய்வாளர் ஷெஃபீல்டில் ஒரு வீடு எடுத்து, போருக்குப் போக மனச்சாட்சி இடம் கொடுக்காத இளைஞர்களைத் தொண்டர்களாகச் சேர்த்தார். சொறி வந்தவர்கள் கழற்றிப் போட்ட உள்ளுடுப்பை அவர்கள் உடுத்தார்கள். நோயாளிகள் படுத்தெழும்பிய போர்வைக்குள் உடுப்பில்லாமல் படுத்தார்கள். மிக மிகச் சிலருக்கே ஒட்டியது. நோயாளியோடு ஒரே கட்டிலில் படுக்க வைத்தபோதுதான் ஒட்டத் தொடங்கியது. துணியைக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த நாட்டுக்கு அது பெரிய செய்தி. (இன்றைக்கு அப்படி ஒரு ஆராய்ச்சிக்கு எந்த ஒழுக்கக் குழுவும் ஓம் சொல்லாது. அந்தப் பெடியளின் பொறுமைக்கு ஒரு கும்பிடு.)

அதே வீட்டில் இன்னொரு விசயமும் வெளியே வந்தது. என்னைக் கேட்டால் இதுதான் பெரியது. உண்ணி ஏறிய தொண்டர்களுக்கு உடனே கடிக்கவில்லை. கிட்டத்தட்ட ஒரு மாதம் அவர்கள் சுகமாக நித்திரை கொண்டார்கள்.

காரணம் இதுதான்: கடியை உண்டாக்குவது உண்ணி தோண்டுவது அல்ல. அதன் உடலையும் முட்டையையும் கழிவையும் நம் உடம்பு அந்நியம் என்று கண்டுபிடித்து ஆத்திரப்படுவதுதான் கடி. முதன்முதலில் வரும்போது அந்த ஆத்திரம் கிளம்ப நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். முன்னமே ஒரு தரம் வந்தவருக்கு உடம்பு நினைவு வைத்திருக்கும். ஒன்றிரண்டு நாளிலேயே தொடங்கிவிடும். அந்த அமைதியான ஒரு மாதத்திலும் அவர் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருப்பார். அவருக்கே தெரியாது.

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்குத் திரும்பினால் எல்லாம் பொருந்துகிறது. செப்டெம்பர் கடைசியில் கடித்தது என்றால் ஏறியது ஓகஸ்டில். நாங்களோ முதல் நாள் தின்ற கணவாயையும் போன கிழமை வகுப்புக்கு வந்த பிள்ளையையும் விசாரித்துக்கொண்டிருந்தோம். நாய்க்குட்டியும் குற்றவாளி இல்லை. நாய்ச்சொறி உண்டாக்கும் உண்ணி வேறு வகை. மனிதத் தோலில் ஏறினால் சில நாள் கடிக்கும், ஆனால் குடித்தனம் நடத்தாது. அந்தப் புதுப் பிள்ளையின் தாயை வாசலில் கண்டபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது இப்போதும் உறுத்துகிறது.

அழுக்கால் வருவது என்ற பேச்சும் இப்படித்தான் பிறக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் குளிப்பவர் தோலிலும் உண்ணி சுரங்கத்துக்குள் பத்திரமாக இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகும், 2006இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து சனம் இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தபோதும், ஒரு கொட்டிலுக்குள் எத்தனை பேர் படுத்தார்கள் என்று நமக்குத் தெரியும். அப்படியான இடங்களில் சொறி பரவினால் அது சனம் குளிக்காததால் அல்ல, கையைக் காலை நீட்டிப் படுக்க இடமில்லாததால். விடுதி, சிறைச்சாலை, முதியோர் இல்லம் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. உலக சுகாதார நிறுவனம் 2017இல் சொறியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. உலகில் எந்த நேரத்தில் எண்ணினாலும் 20 கோடிப் பேருக்கு மேல் இது இருக்கிறது என்பது அவர்களின் மதிப்பீடு.

குளிப்பு என்றதும் கன்னியா ஞாபகம் வரும். வெந்நீர் ஊற்றில் ஏழு கிணறும் வாளியால் அள்ளி ஊற்றினால் தோல் வருத்தம் போகும் என்று சொல்லாத ஆள் திருகோணமலையில் இல்லை. அந்தியேட்டிக்குப் போனாலும் சும்மா போனாலும் ஊற்றிவிட்டு வந்தால் உடம்பு லேசாகத்தான் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் உண்ணி சாக 50 பாகை செல்சியஸ் சூடு பத்து நிமிடமாவது வேண்டும். அந்தச் சூட்டை உடுப்புத் தாங்கும், உடம்பு தாங்காது. கன்னியாவில் நாம் சிரித்துக்கொண்டு ஊற்றும் தண்ணீர் உண்ணிக்கும் சுகமான குளிப்புத்தான்.

அப்படியானால் உடுப்பு, பெட்சீற்? முற்றாக விடவும் தேவையில்லை, முழு வீட்டையும் அவிக்கவும் தேவையில்லை. உடம்பை விட்டு இறங்கிய உண்ணி ஒன்றரை நாள், மிஞ்சினால் இரண்டு மூன்று நாள்தான் உயிரோடிருக்கும். எங்கள் ஊர் வெக்கையில் காய்ந்தால் அதற்கும் முன்னமே முடிந்துவிடும். கடைசி மூன்று நாளில் உடுத்த உடுப்பு, துவாய், சறம், பெட்சீற், தலையணை உறை இவற்றைச் சுடுதண்ணீரில் தோய்த்து உச்சி வெயிலில் போட்டால் போதும். தோய்க்க முடியாத கம்பளிச் சட்டையையும் துணிப் பொம்மையையும் ஒரு சொப்பின் பையில் இறுகக் கட்டி மூன்று நாலு நாள் மூலையில் வைத்தால் சரி. பாயை வெயிலில் போடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வயது போனவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள் சிலருக்குச் சொறி தடித்த பொருக்காகப் படியும். கடியே பெரிதாக இருக்காது. கரப்பன் என்றோ, வயதுத் தோல் என்றோ விட்டுவிடுவார்கள். அந்தப் பொருக்குக்குள் இருப்பது பத்துப் பதினைந்து அல்ல. ஆயிரக்கணக்கில், சிலவேளை இலட்சக்கணக்கில். அப்படியானவரைத் தொட்டுத் தூக்கிய சிறிது நேரமே போதும். அவர் படுத்த விரிப்பும் உதிர்ந்த பொருக்கும்கூடப் பரப்பும். மேலே சொன்ன கணக்கெல்லாம் அங்கே செல்லாது. வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் மருந்து பூசியும் திரும்பத் திரும்ப வருகிறதென்றால், அறைக்குள் கிடக்கும் தாத்தாவின் கையையும் காலையும் ஒரு தரம் விரித்துப் பாருங்கள்.

மற்ற ஒட்டுவாரொட்டிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஒப்பிட்டுப் பார்த்தால்தான் விளங்கும். பேனும் சொறியைப்போல நடந்து போகும் கூட்டம்; அதற்கும் பாயத் தெரியாது, இரண்டு தலை முட்ட வேண்டும். படர்தாமரை பூஞ்சணம். அது துவாயாலும் சீப்பாலும் சலூன் கத்தியாலும் பூனைக்குட்டியாலும் வரும், ஆகவே அங்கே பொருள்களைப் பிரிப்பதில் நியாயம் இருக்கிறது. கண்நோய் பார்த்தால் ஒட்டாது. அந்தக் கண்ணைத் தொட்ட கை நம் கண்ணைத் தொட்டால்தான் ஒட்டும். கொப்பளிப்பானோ, அதாவது அம்மாள், காற்றாலேயே வரும். வாசலில் வேப்பிலை கட்டுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னமே, கொப்புளம் தெரியாத நேரத்திலேயே, பரவத் தொடங்கியிருக்கும்.

தொழுநோயைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொடுகைக்குப் பயந்து நாம் செய்த பெரிய அநியாயம் அதில்தான். மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு என்று ஒரு தீவு. தொழுநோயாளரை ஊரைவிட்டுப் பிரித்து அங்கே வைத்தார்கள். சிலர் அங்கேயே கிழவராகிச் செத்தார்கள். ஆனால் அந்தக் கிருமி கைகொடுத்தால் ஒட்டுவதில்லை, பக்கத்தில் இருந்து சாப்பிட்டால் ஒட்டுவதில்லை. மருந்து எடுக்காத நோயாளியோடு மாதக்கணக்காக நெருங்கி வாழ்பவருக்கு, மூக்கு வாய்த் துளிகளால் வரலாம். அதிலும் பெரும்பாலானவர்களின் உடம்பு இயல்பாகவே எதிர்த்துவிடும். குளிசை தொடங்கினால் பரவுவது சீக்கிரமே நின்றுவிடும், குளிசை இலவசம். உணர்வில்லாத வெளிறிய தேமல் கண்டால் மறைக்காமல் காட்டினால் போதும்.

சரி, மருந்து. டொக்டர் தந்தது பேர்மெத்ரின் 5 வீதக் கிரீம். பென்சைல் பென்சோயேற் என்ற லோஷனும் கொடுப்பார்கள், அது எரியும், மணக்கும், ஆனால் வேலை செய்யும். சிலருக்கு ஐவர்மெக்ரின் குளிசை. (மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து இது, கண்டுபிடித்த இருவருக்கு 2015இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.) கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் எது பொருத்தம் என்று டொக்டர்தான் சொல்ல வேண்டும். பாமசியில் "கடிக்கு ஒரு கிரீம் தாங்கோ" என்று கேட்டு வாங்கும் ஸ்ரெரொயிட் கிரீமை மட்டும் பூசவேண்டாம். கடி அடங்கினதுபோல இருக்கும், சிவப்பு மறையும், உண்ணி அப்படியே இருக்கும். படர்தாமரையில் பூசினாலோ அது உருமாறிப் படர்ந்து டொக்டரையே குழப்பும்.

பூசும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். கடிக்கிற இடத்தில் மட்டும் பூசினால் பயனில்லை. தாடைக்குக் கீழே தொடங்கி உள்ளங்கால் வரை; காதுக்குப் பின்னால், கமக்கட்டு, தொப்புள், அரை, கவட்டு, விரலிடுக்கு, வெட்டிய நகத்தின் கீழ்ப் பக்கம். சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் கண்ணையும் வாயையும் விட்டு முகம், தலைத் தோலுக்கும் பூசச் சொல்வார்கள். இரவு பூசினால் காலையில் குளிக்கலாம். இடையில் கை கழுவினால் கைக்குத் திரும்பப் பூச வேண்டும். நாங்கள் முதல் இரவே இதில் பிழைவிட்டோம். பூசிவிட்டு அம்மா வழமைபோலக் கோப்பை கழுவப் போய்விட்டா. ஒரு கிழமை கழித்து இரண்டாம் தரம், முதல் தரத்தில் தப்பிய முட்டைகள் பொரித்திருந்தால் அவற்றுக்காக.

எல்லாவற்றையும்விட முக்கியம்: வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் பூச வேண்டும். கடிக்காதவரும்தான். அவருடைய அமைதியான மாதம் இன்னும் முடியாமல் இருக்கலாம் அல்லவா? இன்றைக்குப் பிள்ளைக்கு, அடுத்த கிழமை தாய்க்கு, சம்பளம் வந்தபிறகு தகப்பனுக்கு என்று பூசினால் உண்ணி ஒரு வட்டம் சுற்றித் திரும்ப வந்து நிற்கும். டொக்டர் அவசரப்படுத்தியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. சொறிந்த புண்ணில் கிருமி ஏறிப் பழுத்தால், சில பிள்ளைகளுக்கு அது சிறுநீரகத்தைத் தாக்கும். காலையில் முகம் வீங்கி, சலம் தேத்தண்ணி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டோட வேண்டும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மச்சாளுக்குக் கோல் எடுத்தேன். "எங்கட பிள்ளையளுக்கு அப்படி ஒண்டுமில்லை, மூத்தவனுக்குக் கொஞ்சம் வேர்க்குரு, அவ்வளவுதான்" என்றாள். குரல் சுருங்கிவிட்டது, நான் பழி போடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். யார் யாருக்குக் கொடுத்தது என்பது இனித் தெரியவும் வராது, எங்கள் வீட்டிலிருந்தும் போயிருக்கலாம் என்றேன். விரலிடுக்கை விரித்து ஒரு படம் எடுத்து அனுப்பு என்றும் சொன்னேன். இரண்டு மணித்தியாலம் கழித்துப் படம் வந்தது. அதே சாம்பல் கோடு. கீழே ஒரு வரி: "சனிக்கிழமை இரவு பூசினாச் சரிதானே, நீங்களும் அண்டைக்கே பூசுங்கோ."

அந்தச் சனிக்கிழமை இரண்டு வீட்டிலும் பூசினோம், அடுத்த சனிக்கிழமையும். அதன் பிறகும் சின்னவள் மூன்று கிழமை சொறிந்தாள். அது எதிர்பார்க்க வேண்டியது. உண்ணி செத்தாலும் செத்த உடலும் முட்டையும் தோலோடு உரிந்து போகும்வரை, இரண்டு முதல் நான்கு கிழமை, உடம்பின் ஆத்திரம் ஓயாது. இதைத் தெரியாதவர்கள் மருந்து பிடிக்கவில்லை என்று தினமும் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். நான்கு கிழமைக்குப் பிறகும் புதிய கோடு தெரிந்தால் மட்டும் திரும்பக் காட்டச் சொன்னார் டொக்டர். தெரியவில்லை. நவம்பர் மழைக்குள் ஒரு நாள் அம்மா சந்தைக்குப் போய்க் கணவாய் வாங்கி வந்தா. கிரந்தியைப் பற்றி நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை.